நேரடி ஒளிபரப்பில் அக்கா

தொலைக்காட்சிப் பெட்டியை மூடியிருந்த பூவேலைத் துணியை விலக்கிக் குமிழைத் திருகினால், படம் வருமுன் ஒரு மணம் வரும். உள்ளே தூசி சூடேறும் மணம். ஏதோ கருகத் தொடங்கியதுபோல இருக்கும். பெட்டி வெடித்துவிடுமோ என்று நான் அம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒதுங்கி நிற்பேன். பிறகு கறுப்புக் கண்ணாடியின் நடுவே வெள்ளைப் புள்ளி ஒன்று தோன்றி, விரிந்து, நரைத்த கோடுகளாகி, அந்தக் கோடுகள் மெல்ல மெல்ல மனிதர்களாகும். எங்கள் வீட்டில் தொலைக்காட்சி பார்ப்பது எப்போதும் இப்படி ஒரு சின்னப் பயத்தோடுதான் தொடங்கியது.

அப்போது நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, கொழும்பில் கொட்டாஞ்சேனையில் ஒரு பழைய மாடிக் கட்டடத்தின் மேல்தட்டில் வாடகைக்கு இருந்தோம். அப்பா துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் கம்பனியில் கிளாக்கர். அக்கா யோகமலர் உயர்தர வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள். நான் அவளைவிட ஏழு வயது இளையவள். கீழ்த்தட்டில் பஸீல் நானாவின் முஸ்லிம் குடும்பம் இருந்தது. கொச்சிக்கடையில் ஆணி, பூட்டு, வண்ணப்பூச்சு விற்கும் கடையொன்று வைத்திருந்தார். அவருடைய பிள்ளைகளும் நானும் ஒரே மாடிப்படியில் ஏறியிறங்கி வளர்ந்தோம்.

யுத்தம் வடக்கில்தான் நடந்தது என்றாலும், எங்கள் வீட்டுக்குள் அது மூன்று சொற்களாகக் குடியிருந்தது: "செக்கிங்", "ரவுண்டப்", பொலிஸில் "பதிவு". கொழும்பில் எங்காவது குண்டு வெடித்தால் தெருவெல்லாம் சத்தமாக இருக்கும், எங்கள் வீடு மட்டும் ஓசையடங்கிப் போகும். அப்பா வானொலியின் ஒலியைக் குறைத்துக் காதோடு வைத்துக்கொள்வார். பஸ்ஸில் தமிழில் கதைக்கக் கூடாது, வீதிக்குப் போகும்போது பொட்டை அழித்துவிட வேண்டும், யன்னல் சீலை விலகியிருக்கக் கூடாது என்று எங்களுக்குச் சட்டங்கள் இருந்தன. "எங்களை ஒருத்தருக்கும் தெரியாமல் இருக்கிறதுதான் எங்களுக்குக் காவல்" என்று அப்பா சொல்வார். அவர் கோபக்காரர் அல்ல. கோபப்படவும் குரல் வேண்டுமே என்று அதையும் அடக்கிக்கொண்டவர்.

அப்படிப்பட்டவர் அக்காவை ஹொக்கி விளையாட விட்டது எங்கள் எல்லோருக்குமே ஆச்சரியம். பாடசாலையில் விளையாட்டுக்குப் பொறுப்பாக இருந்த சந்திரா மிஸ், கழுத்தில் விசிலோடு மாடியேறி வந்து, "பந்து முகத்துக்கு நேரே வந்தாலும் இந்தப் பிள்ளை கண்ணை மூடுவதில்லை" என்று அரைகுறைத் தமிழில் சொல்லி, அக்காவைக் கோல்காப்பாளராகக் கேட்டார். அப்பா யோசித்தார். பிறகு, அக்கா பயிற்சி முடிந்து கொண்டுவந்த தலைக்கவசத்தைக் கையில் வாங்கி, முன்பக்கக் கம்பிகளுக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

"இதைப் போட்டால் முகம் தெரியாது என்ன?"

"தெரியாதப்பா."

"அப்ப சரி. பின்னுக்கு நில். முன்னுக்குப் போகாதை."

அந்தக் காலத்தில் தொலைக்காட்சியில் ஹொக்கி பார்த்தவர்களுக்குத் தெரியும், அது பாதி பார்ப்பது, பாதி ஊகிப்பது. பார்வையாளர் மேடையின் உச்சியில் ஒரு கமரா நிற்கும். அதிலிருந்து பார்த்தால் மைதானத்தில் ஓடுபவர்கள் தீக்குச்சிகள் அளவுதான். பந்து கண்ணில் படவே படாது. மட்டைகள் உயர்வதையும், எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் திரும்புவதையும் வைத்து, பந்து இங்கேதான் போயிருக்கும் என்று நாங்கள் தீர்மானிப்போம். இன்னொரு கமரா ஒருவருடைய தோளில் ஏறி எல்லைக்கோட்டோரமாக அலையும். அது எப்போது என்னத்தைக் காட்டும் என்று யாருக்கும் தெரியாது. கோல் எண்ணிக்கையை அறிய, ஆணியில் கொழுவிய இலக்கத் தகடுகளைக் கமரா தேடிப்போய்க் காட்டும்வரை காத்திருக்க வேண்டும். திருப்பிக் காட்டுவது கிடையாது. தேத்தண்ணி போட எழும்பிய நேரத்தில் கோல் விழுந்தால், விழுந்ததுதான். எல்லாவற்றையும் எங்களுக்குச் சொன்னவர் வர்ணனையாளர். சிங்களத்தில், ஆங்கிலச் சொற்கள் கலந்து, பதற்றம் கூடக்கூட வேகம் கூடும் ஒரு குரல். எங்கள் வீட்டில் சிங்களம் நன்றாகத் தெரிந்தவர் அப்பா மட்டும்தான். ஆனால் அந்தக் குரலின் ஏற்ற இறக்கத்தை வைத்தே அம்மா முழு ஆட்டத்தையும் விளங்கிக்கொள்வார்.

அக்காவின் பாடசாலை இறுதிப் போட்டிக்குப் போனது. சனிக்கிழமை பின்னேரம், கொழும்பு ஏழிலுள்ள மைதானத்தில் ஆட்டம். அரச தொலைக்காட்சியில் நேரடி ஒளிபரப்பு. அக்கா இதைச் சொன்ன அன்று அப்பா சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"டிவியிலை காட்டுவினமோ?"

"ஓமப்பா. லைவ்."

"பேரும் சொல்லுவினமோ?"

"கோல்கீப்பரின்ர பேரை ஏன் சொல்லப் போகினம்? பந்து கிட்ட வந்தால்தான் சொல்லுவினம்."

"அப்ப பந்து வராமல் இருக்கட்டும்" என்றார் அப்பா. அம்மா சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை அப்பா கூரைக்கு ஏறி அன்டெனாவைத் திருப்ப, நான் யன்னலோரம் நின்று "இன்னும் கொஞ்சம்… காணும், காணும்" என்று மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டிருந்தேன். உரத்துச் சொன்னால் தெருவுக்குத் தமிழ் கேட்கும். பஸீல் நானாவும் கடையை நேரத்தோடு பூட்டிவிட்டு மேலே வந்து, கதிரையின் நுனியில் உட்கார்ந்தார். படம் வந்தது. மைதானத்தின் ஒரு முனையில், கால்களில் பெரிய காப்புகள் கட்டிய ஒரு சின்ன உருவம் நின்றது. அம்மா கண்ணாடியில் விரலை வைத்து, "இது மலர். பாருங்கோ, ஒரு காலைச் சரிச்சு நிக்கிறாள்" என்றார்.

முதற்பாதியில் அப்பா விரும்பியபடியே நடந்தது. பந்து அந்தப் பக்கம் வரவேயில்லை. இரண்டாம் பாதியில் வரத் தொடங்கியது. எதிரணிக்குப் பெனால்டி கோர்னர் கிடைத்தது. வர்ணனையாளரின் குரல் ஏறிக்கொண்டே போனது. மட்டையொன்று உயர்ந்தது. அக்கா பக்கவாட்டில் நிலத்தோடு நிலமாக விழுந்தாள். அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்தது. ஆனால் அந்தக் குரல் வெடித்துச் சிதறி, "யோகமலர்! யோகமலர்!" என்று கத்தியது. ஒரு சிங்கள வாய் எங்கள் அக்காவின் பெயரை இவ்வளவு சந்தோஷமாகச் சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை. "மாஷா அல்லாஹ்!" என்று பஸீல் நானா எழும்பியே விட்டார்.

ஆட்டம் சிறிது நின்றபோது, தோளில் கமரா வைத்திருந்தவர் கோலை நோக்கி ஓடியிருக்க வேண்டும். திரை முழுவதும் திடீரென்று அக்காவின் முகம். தலைக்கவசத்தைக் கழற்றித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். நெற்றியில் மயிர் ஒட்டியிருந்தது. கமராவைக் கண்டு ஒரு கணம் திகைத்து, பிறகு சிரித்தாள்.

"ஐயோ, என்ர பிள்ளை" என்று அம்மா கைகொட்டினார். அப்பாவின் கை மட்டும் முன்னே நீண்டு, திரையை மறைக்கப்போவதுபோல அந்தரத்தில் நின்றது. "போடு பிள்ளை, தொப்பியைப் போடு" என்று அவர் பெட்டியிடம் கெஞ்சினார்.

அக்கா கவசத்தைத் திரும்ப மாட்டினாள். ஆட்டம் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் பெட்டிக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. கதவை அறைந்து சாத்தியதுபோல மொட்டையான சத்தம். வர்ணனை பாதிச் சொல்லில் நின்றது. கமரா ஆடி, வானத்தைக் காட்டி, மேடையில் எழும்பும் சனங்களைக் காட்டியது. "என்னப்பா அது?" என்று அம்மா கேட்டார். அப்பா கதிரையை விட்டு எழுந்தார். அப்போதுதான் அதே சத்தம், இம்முறை உண்மையாக, நகரத்தைக் கடந்து எங்களிடம் வந்து சேர்ந்தது. யன்னல் கண்ணாடி கிடுகிடுத்தது. தெருவில் நாய்கள் குரைத்தன. பெட்டி எங்களுக்கு முதலே சொல்லிவிட்டிருந்தது. காற்றுத்தான் பிந்தி வந்தது.

படம் போய், பூச்சாடி ஒன்றின் ஓவியம் வந்தது. கீழே மூன்று மொழிகளிலும் "தடங்கலுக்கு வருந்துகிறோம்". பின்னால் புல்லாங்குழல்.

அம்மா திரைக்கு முன்னால் நிலத்தில் இருந்துவிட்டார். அப்பா சேர்ட்டைப் போட்டார், பொத்தான்களை மாற்றிப் பூட்டினார், கழற்றித் திரும்பப் பூட்டினார். அம்மா பாய்ந்து அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். இந்த நேரத்தில் அந்தப் பக்கம் நடந்து போகும் ஒரு தமிழ் ஆம்பிளையை என்ன செய்வார்கள் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"நீங்களும் போனால் நான் ரெண்டு பேரை எங்கை தேடுறது?"

"அதுக்காக இஞ்ச இருந்து பூச்சாடியைப் பாக்கச் சொல்லுறீரோ?"

பஸீல் நானா இருவருக்கும் நடுவில் வந்து நின்றார். "அண்ணன், நீங்க போவ வாணாம். என்ட ஐசியைப் பாத்தா ஒண்டும் செல்ல மாட்டானுகள். நான் போய்ப் பாத்துட்டு வாறேன்." அடையாள அட்டையைச் சட்டைப் பையில் தட்டிப் பார்த்துக்கொண்டு இறங்கினார். அவருடைய மோட்டார் சைக்கிள் கிளம்பும் சத்தம் தெருமுனைவரை கேட்டது.

அதன் பிறகு நாங்கள் செய்ததெல்லாம் பூச்சாடியைப் பார்த்ததுதான். அதை நிறுத்த யாருக்கும் துணிவில்லை. நிறுத்தினால் அக்காவிடம் போகும் ஒரே வழியும் அடைபட்டுவிடும் என்று எனக்குப் பட்டது. மைதானம் எந்த நேரமும் திரும்பி வரலாம், அவள் ஒரு காலைச் சரித்து நின்றுகொண்டிருக்கலாம். பூச்சாடி போனது. சிரித்துக்கொண்டு ஆடுகிறவர்களின் பாட்டு நிகழ்ச்சி ஒன்று வந்தது. மைதானத்தைப் பற்றி யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. அம்மா கந்த சஷ்டி கவசத்தைத் தொடங்குவார், பாதியில் வரி மறந்து நிறுத்துவார், திரும்ப முதலிலிருந்து தொடங்குவார்.

பஸீல் நானா திரும்பியபோது அவருடைய முகத்தைப் பார்த்து அம்மா சுவரில் சாய்ந்துவிட்டார். நானா அவசரமாகச் சொன்னார். "புள்ளைக்கு ஒண்டுமில்ல. குண்டு வெடிச்சது வெளி ரோட்டில. மத்தப் புள்ளைகளை ஸ்கூல் வேன்ல ஏத்திட்டாங்க." பிறகு அப்பா பக்கம் திரும்பினார். "மகளை மட்டும் ஜீப்ல கொண்டு போயிருக்காங்க. ஐசியில யாழ்ப்பாணம் எண்டு ஈக்கிதானே. மிஸ்ஸும் பின்னால திரீவீலர்ல போயிருக்காங்களாம்."

அப்பா இம்முறை அம்மாவைப் பார்க்கவில்லை. சப்பாத்தை மாட்டிக்கொண்டு, பஸீல் நானாவின் பின்னால் ஏறிப் போனார். எங்களை ஒருத்தருக்கும் தெரியாமல் வைத்திருக்க அத்தனை வருடம் பாடுபட்ட மனிதர், தானாகவே ஒரு பொலிஸ் நிலையத்துக்குள் தன் பெயரைச் சொல்லிக்கொண்டு நுழைந்தது அன்றுதான்.

அங்கே நடந்ததை நாங்கள் பிறகு துண்டு துண்டாகக் கேட்டோம். அக்காவை ஒரு நீள மர வாங்கில் இருத்தியிருந்தார்கள். அருகே வேறு தமிழ் இளைஞர்கள், ஒருவன் அழுதுகொண்டிருந்தான். யாழ்ப்பாணத்தில் யார் இருக்கிறார்கள், கொழும்புக்கு ஏன் வந்தாய், மைதானத்தில் உனக்கு என்ன வேலை என்று கேள்விகள். அவளுக்குச் சிங்களம் தடுமாறியது. தடுமாற்றமே குற்றம்போலத் தெரிந்தது. வாசலில் நின்ற சந்திரா மிஸ்ஸை உள்ளே விடவில்லை. மிஸ் அங்கிருந்தே, "அவள் எங்கள் கோல்கீப்பர்! கோல்கீப்பர்!" என்று கத்திக்கொண்டிருந்தாராம்.

அந்தச் சத்தத்துக்குத்தான் பொறுப்பதிகாரி தன் அறையிலிருந்து வெளியே வந்தார். அவருடைய அறையிலும் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது. குண்டு வெடிக்கும்வரை அவரும் அதே ஆட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவின் முகத்தைக் கொஞ்சநேரம் உற்றுப் பார்த்தார்.

"கோல்கீப்பர் நங்கிதானே இது? அந்தப் பெனால்டி கோர்னரை விழுந்து மறித்த நங்கி?" என்று சிங்களத்தில் கேட்டார். நங்கி என்றால் தங்கச்சி. அக்கா தலையை ஆட்டினாள். "வெடிக்கும்போது இவள் என் கண்முன்னால்தானே நின்றாள்" என்று மற்றவர்களுக்குச் சொல்லிவிட்டு, மிஸ்ஸை உள்ளே வரச் சொன்னார். அப்பா போய்ச் சேர்ந்தபோது அக்காவுக்குத் தேத்தண்ணி கொடுத்திருந்தார்கள். அதை அவள் குடிக்கவில்லை. பக்கத்தில் இருந்த இளைஞர்களுக்குத் தேத்தண்ணி வரவில்லை. அவர்களை எந்தக் கமராவும் காட்டியிருக்கவில்லை. அவர்களுக்கு என்ன நடந்தது என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது.

பொழுது படுகிற நேரம் மூவரும் வந்தார்கள். அக்காவின் முழங்கால்களில் புல்லின் பச்சை ஒட்டியிருந்தது. அம்மா அவளைக் கட்டிப்பிடித்துத் தலை, தோள், கை என்று தடவித் தடவிப் பார்த்தார். அக்கா என்னைப் பார்த்து, "டிவியிலை நான் தெரிஞ்சனானோ?" என்று கேட்டாள்.

"முழு முகமும்" என்றேன்.

"வடிவா இருந்தனானோ?"

பிறகுதான் அழத் தொடங்கினாள்.

அன்று சாப்பாட்டுக்குப் பின் அம்மா, "டிவியாலைதான் என்ர பிள்ளை தப்பினது. முகம் தெரிஞ்சபடியால்தானே விட்டவன்" என்றார். அப்பா கையைக் கழுவியபடி திரும்பாமலே பதில் சொன்னார்.

"அதுதான் எனக்குப் பயமாக் கிடக்கு. வாசலிலை வைச்சு அந்த மனிசன் என்னட்டை, எங்கை இருக்கிறீங்கள், அடுத்த மெட்ச் எப்ப எண்டு கேட்டவன்."

"நல்லதுக்குக் கேட்டிருப்பான்."

"நல்லதுக்குத்தான் கேட்டவன். சிரிச்சுக்கொண்டுதான் கேட்டவன். நாளைக்கு அவன்ர கதிரையிலை வேறை ஒருத்தன் இருப்பான். அவனும் டிவி பாத்திருப்பான்தானே?"

அடுத்த நாளே யன்னல் சீலைக்கு மேலே இன்னொரு சீலை வந்தது. தெருவில் வாகனம் ஒன்று மெதுவாகப் போனாலும் அப்பா எழுந்து நின்று, அது கடந்து போகும்வரை உட்கார மாட்டார்.

நின்றுபோன ஆட்டத்தை வேறொரு நாள் திரும்ப நடத்துவதாக அறிவித்தார்கள். சந்திரா மிஸ் மறுபடி மாடியேறி வந்தார். "நானே கூட்டிக்கொண்டு போய் நானே கொண்டுவந்து விடுகிறேன்" என்றார். அப்பா அவருக்குக் கதிரை போட்டு, மரியாதையாகவே பேசினார்.

"நீங்கள் பத்திரமாக் கொண்டுவந்து விடுவீங்கள் மிஸ், அது எனக்குத் தெரியும். டிவிக்காரரை வரவேண்டாம் எண்டு சொல்ல உங்களாலை ஏலுமோ?"

மிஸ் எழுந்து, அக்காவின் கன்னத்தைத் தொட்டுவிட்டு இறங்கிப் போனார். அந்த ஆட்டத்தில் வேறொரு பிள்ளை கோலில் நின்றது. நாங்கள் பெட்டியின் துணியை விலக்கவேயில்லை. கீழே பஸீல் நானா வீட்டிலிருந்து வர்ணனையாளரின் அந்தக் குரல் தளத்தின் வழியாக மேலே வந்தது. அக்கா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வருடம் முடியுமுன் அப்பாவின் தங்கை இருந்த கனடாவுக்கு அவளை அனுப்பிவிட்டார்கள். அங்கே போய் அவள் மட்டையைத் தொடவில்லை.

இப்போது நான் வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் ஓர் அடுக்குமாடியில் இருக்கிறேன். உலகத்தின் எந்த மூலையில் ஹொக்கி நடந்தாலும் சுவரளவு திரையில் வருகிறது. நீலத் தரையில் மஞ்சள் பந்து எனக்கே தெரிகிறது. கோலுக்குப் பின்னால் ஒரு கமரா, தலைக்கு மேலே ஒரு கமரா. நடுவர் மூச்சுவிடுவதும் கேட்கிறது. தீர்ப்பில் சந்தேகம் வந்தால் எல்லாவற்றையும் நிறுத்தி, முன்னும் பின்னுமாக ஓட்டிப் பார்க்கிறார்கள். அக்காவின் ஆட்டம் எங்காவது இருக்குமா என்று தெரிந்தவர் ஒருவர் மூலம் விசாரித்தேன். அந்தக் கால நாடாக்களில் பலவற்றை அழித்து, மேலே தொடர்நாடகங்களைப் பதிந்துவிட்டார்களாம். அந்த வர்ணனையாளரின் குரல் இல்லை. இலக்கத் தகடு கொழுவிய பலகை இல்லை. எங்கள் வீடும் ஒரு பொலிஸ் நிலையமும் ஒரே நேரத்தில் ஒரே படத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பின்னேரங்களும் இல்லை. இன்று ஒவ்வொருவர் கையிலும் ஒவ்வொரு ஆட்டம். அப்பாவும் இல்லை.

என் மகள் பாடசாலை அணியில் முன்வரிசையில் விளையாடுகிறாள். அவர்களுடைய ஆட்டங்களை மூத்த மாணவிகள் கைபேசியைத் தாங்கியில் பொருத்தி நேரலையாக விடுகிறார்கள். போன மாதம் அப்படி ஓர் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அக்கா கனடாவிலிருந்து அழைப்பெடுத்தாள். அங்கே விடிந்திருக்காது. அவளும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா ஓடுறாள்" என்றாள். பிறகு, "இஞ்ச, அவளின்ர முழுப்பேரும் படமும் கீழே போகுது. பள்ளிக்கூடத்தின்ர பேரும் போட்டிருக்கினம். அதை எடுக்கச் சொல்லு."

"இப்ப அப்பிடி ஒண்டும் இல்லையக்கா."

"இப்ப இல்லை. எடுக்கச் சொல்லு."

மகள் பந்தோடு வலது பக்கத்தால் ஓடிக்கொண்டிருந்தாள். திரையில் இதயங்கள் மிதந்து ஏறின. முகம் தெரியாத யார் யாரோ அவளுடைய பெயரை எழுதி வாழ்த்தினார்கள், எங்கெங்கோ பகிர்ந்தார்கள். எடுக்கச் சொல்வதென்றால் யாரிடம் சொல்வது? கைபேசியோடு நிற்கும் அந்தப் பிள்ளையிடமா, பார்க்கிற இத்தனை பேரிடமா?

"சொல்லுறன் அக்கா" என்றேன்.